புத்தகத்தில் இல்லாத கோழி

என் கையெழுத்துக்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதன் பிறகு இந்தக் கை பிடித்ததெல்லாம் ஸ்டீயரிங்தான். மலைப்பாதையில் ஓட்டிப் பழகியதாலோ என்னவோ, வளைந்த எழுத்துகள் நன்றாக வருகின்றன. நேராகப் போகவேண்டிய வரிதான் பள்ளத்தில் இறங்கிவிடுகிறது. எந்த ‘ல’ போடுவது என்று சந்தேகம் வந்த இடங்களில் அந்த வார்த்தையையே விட்டுவிட்டு வேறொன்று எழுதியிருக்கிறேன். மிச்சப் பிழைகளைப் பாத்திமா திருத்திக்கொள்ளும். ஆட்கள் பேசியதை மட்டும் திருத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

பாத்திமா, ஏற்காடு கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருப்பவரின் மகள். சேலத்துக் கண் மருத்துவமனை ஒன்றில் முகாம் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. நான் அதே மருத்துவமனையில் முகாம் வேன் ஓட்டி, போன வருடம் ஓய்வு பெற்றவன். இப்போது ஒரு போனைக் கண்ணுக்கு எதிரே பிடித்தால் போதும், புரை இருக்கிறதா என்று அதுவே சொல்லிவிடுகிறதாம். அந்தப் போனை எடுத்துக்கொண்டு மலையெல்லாம் அலைந்துவிட்டு, ஒரு நாள் பாத்திமா என் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தியது.

“அண்ணா, போனு நல்லாத்தான் வேலை செய்யுது. கண்ணைக் காட்டத்தான் ஆளு வரமாட்டேங்கறாங்க. எங்க ஊட்ல எல்லாருக்கும் நல்லாத் தெரியும்னு சொல்லிக் கதவைச் சாத்தறாங்க. நீங்கெல்லாம் எப்படீங்கண்ணா புடிச்சீங்க?”

“நான் எங்க கண்ணு புடிச்சேன்? எங்க ஜெயமணி சிஸ்டர்தான் எல்லாம்.”

“அப்ப வந்து எங்க டிரெய்னிங்ல ஒரு அரை மணி நேரம் பேசுங்க.”

நான் வீட்டுக்குள் போய்விட்டேன். என் மனைவிதான் வெளியே வந்து, “அவரு கலியாணத்துலயே பேசலைங்க பாப்பா. எழுதச் சொல்லு, எழுதுவாரு” என்றாள். இப்படித்தான் இது ஆரம்பித்தது.

கூச்சம் எனக்குப் பிறவியிலேயே வந்தது. வேலையில் சேர்ந்தபோது வேன் ஓட்டுவதோடு ஒலிபெருக்கியில் அறிவிப்பும் செய்ய வேண்டும் என்றார்கள். ஒரு கையில் ஸ்டீயரிங், ஒரு கையில் மைக். மைக்கைப் பிடித்ததும் ஊரே திரும்பிப் பார்க்கும். என் வாய் ஒட்டிக்கொள்ளும். “பெரியோர்களே” என்று ஆரம்பித்து அடுத்த ஊர் வரும்வரை அடுத்த வார்த்தை வராது. கடைசியில் வீட்டில் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு கேசட்டில் பதிவுசெய்தேன். கம்பளிக்குள்ளிருந்து வந்த அந்தக் குரல்தான் பல வருடம் இந்த மலையில் ஒலித்தது. துக்க வீட்டுக் குரல் போல இருந்ததால் யாரோ இறந்துவிட்டதாக நினைத்து முதல் தடவை நிறையப் பேர் ஓடி வந்தார்கள். முகாமுக்கு நல்ல கூட்டம்.

மருத்துவமனையில் எனக்குப் பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சொட்டு மருந்து போடக் கற்றுக்கொடுத்தார்கள். கண் தெரியாதவரைப் பிடித்து இழுக்காமல், நம் கையை அவர் பிடித்துக்கொள்ள விடவேண்டும் என்றார்கள். மற்றதெல்லாம் ஜெயமணி சிஸ்டரிடம் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

சிஸ்டர்தான் முகாம் பொறுப்பு. மெலிந்த உருவம், மடிப்புக் கலையாத வெள்ளைப் புடவை. குரலை உயர்த்தவே மாட்டார். குரல் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு கோபம் என்று அர்த்தம். ஒரு தடவை நான் டீசல் போட மறந்து வேன் மலையில் நின்றபோது, அவர் சொன்னது எனக்குக் கேட்கவே இல்லை. உதடு மட்டும் அசைந்தது. அதற்குப் பிறகு நான் டீசல் போட மறந்ததில்லை.

‘குருடு’ என்ற வார்த்தையை அவர் சொல்லிக் கேட்டதில்லை. “கண்ணு பழுத்திருச்சு” என்பார், ஏதோ பலாப்பழத்தைச் சொல்வதுபோல. பழம் என்று சொன்னதும் கிழவிகள் சிரித்துவிடுவார்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் டீ கேட்டு வாங்கிக் குடிப்பார். பெயர் எழுதுவது, டார்ச் அடிப்பதெல்லாம் டீக்குப் பிறகுதான். டீ எதற்கு என்று ஒரு நாள் கேட்டேன்.

“டீ கொண்டுவரும்போது ஊட்ல ஆரு எந்திரிக்கறாங்க, ஆரு எந்திரிக்கலைன்னு பாரு. அடுப்புக்கிட்டப் போறவங்க சுவத்தைத் தொட்டுட்டுப் போறாங்களான்னு பாரு. அப்புறம் டீயில எறும்பு மிதக்குதான்னு பாரு.”

எறும்பு மிதந்த வீடுகளில் நாங்கள் கண்டுபிடித்த புரைகள் ஏராளம். எறும்பையும் குடித்திருக்கிறோம்.

“இங்க கண்ணு தெரியாதவங்க ஆராச்சும் இருக்காங்களா?” என்று கேட்டால் இந்த மலையில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். சொன்னால் எஸ்டேட்டில் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள், வீட்டில் கத்தியைத் தொடவிட மாட்டார்கள் என்று பயம். அதனால் வீடே சேர்ந்து மறைக்கும். சிஸ்டர் வேறு மாதிரி கேட்பார்: “உங்கூட்ல அரிசியில கல்லு கிடக்குதாமா? ஆரு பொறுக்கறது?” மருமகள் உடனே மாமியாரைக் காட்டிக்கொடுத்துவிடுவாள்.

வெள்ளக்கடை என்ற ஊரில் ஒரு பெரியவர். இரண்டு கண்ணும் பழுத்தவர், ஆனால் மொபெட் ஓட்டிக்கொண்டிருந்தார். பின்னால் மனைவி உட்கார்ந்து அவர் தோளைத் தட்டிக்கொண்டே வருவார். இடது தோளில் தட்டினால் இடது, வலது தோளில் தட்டினால் வலது, தலையில் தட்டினால் பிரேக். சந்தைக்குப் போய் வருவதெல்லாம் இப்படித்தான். ஒரு வளைவில் எங்கள் வேனுக்கு நேராக வந்தபோது அந்த அம்மாள் தலையில் தட்டிய சத்தம் எனக்கே கேட்டது.

சிஸ்டர் இறங்கிப்போய் மெதுவாக ஏதோ சொன்னார். குரல் எனக்குக் கேட்கவில்லை என்பதால் மிகவும் கோபமாக இருக்கிறார் என்று புரிந்தது. அந்த அம்மாள், “ஏனுங் சிஸ்டர், அவரு கண்ணுக்கு என்னங்க? நாந்தான் இருக்கறனே” என்றார். எப்படியோ ஆபரேஷன் நடந்தது. மூன்று மாதம் கழித்துப் போனபோது பெரியவர் தனியாக மொபெட்டில் பறந்துகொண்டிருந்தார். அந்த அம்மாள்தான் முகம் கொடுத்துப் பேசவில்லை. “இப்ப எங்கிட்டச் சொல்லாமயே திரும்பறாருங்க” என்றார்.

முகாம்களில் சிஸ்டர் பரிசோதிக்கும் நேரத்தில் எனக்கு வேலை இருக்காது. வேனில் உட்கார்ந்து பழைய வாரப் பத்திரிகைகளில் கதை படிப்பேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், அதனால் ஒரு கதை ஒரு முகாம் முழுக்க வரும். கதைகளில் கண் தெரியாதவர் வந்தால் எனக்குத் தொழில்முறையில் ஓர் ஆர்வம். அவர்கள் எல்லோரும் நன்றாகப் பாடுகிறார்கள். நான் பார்த்தவர்களில் பாடியவர் ஒருவர்தான், அவரைக் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தச் சொன்னார்கள். கதையில் வருகிறவர்கள் எதிரே நிற்பவரின் முகத்தை விரலால் தடவிப் பார்த்து, “நீ நல்லவன்” என்கிறார்கள். என் முகத்தை இதுவரை யாரும் தடவியதில்லை. ஒரு பெரியவர் மட்டும் என் சட்டைப் பையைத் தடவினார், பீடி இருக்கிறதா என்று.

ஒரு கோடை சீசனில் ஏற்காடு பஸ் நிலையத்தில் விழிப்புணர்வு நாடகம் போட்டார்கள். கல்லூரிப் பையன் ஒருவன் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு தள்ளாடித் தள்ளாடி நடந்தான். என் பக்கத்தில் பரிசோதனைக்கு வந்த பாட்டி ஒருவர் நின்றார். அவருக்கு இரண்டு கண்ணும் தெரியாது. “என்னங் தம்பி நடக்குது?” என்று கேட்டார். சொன்னேன்.

“கையை நீட்டிக்கிட்டா நடக்கறான்? அப்பக் காலுல இடிக்கறதை ஆரு பார்க்கறது?” என்றார். பிறகு யோசித்துவிட்டு, “பாவம், புதுசாத் தெரியாம போயிருக்கும்” என்றார்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், கண் தெரியாதவரைப் பற்றி எழுதியதிலேயே எனக்குச் சரியாகப் பட்டது ஒரே ஒரு கதைதான். அதையும் நான் படிக்கவில்லை, கேட்டேன். அந்தக் கதைதான் எனக்கு வாய்த்த கஷ்டமான கேஸ்.

என் மனைவியின் ஊர் கிளியூர். அங்கே ஒரு சின்னக் கோயில். ஃபாதர் எப்போதாவதுதான் வருவார். மற்ற நாட்களில் ஜெபம் நடத்துவது உபதேசியார் அந்தோணிமுத்து. எனக்கு மாமா முறை. எஸ்டேட்டில் மிளகு பறித்துக்கொண்டிருந்தவர். ஆள் குள்ளம், குரல் மட்டும் மேட்டிலிருந்து பேசினால் பள்ளத்தில் கேட்கும். மே மாதத் திருவிழாவுக்கு முன்னால் நவநாள் வரும். அந்த ஒன்பது நாளும் மாலையில் எங்கள் புனிதரின் வரலாற்றை ஒரு பழைய புத்தகத்திலிருந்து உபதேசியார் வாசிப்பார். அட்டை போன புத்தகம், ஓரமெல்லாம் மெழுகு.

எட்டாம் நாள், கண் தெரியாத ஆட்டுக்காரனுக்குப் புனிதர் கண் கொடுக்கிற கதை. அன்றைக்குக் கோயிலில் இடம் இருக்காது. வெள்ளக்கடையிலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். நானும் வருடம் தவறாமல் போவேன். மருமகனுக்குச் சாப்பாடும் நன்றாக இருக்கும்.

“அக்காலத்தில் ஒரு மலையடிவாரத்திலே பார்வையிழந்த ஆடு மேய்ப்பன் ஒருவன் வசித்து வந்தான்” என்று புத்தகத் தமிழில் ஆரம்பிப்பார். இரண்டு வரி போனதும் புத்தகம் எங்கேயோ நின்றுவிடும், ஆட்டுக்காரன் மட்டும் கிளியூருக்கு வந்துவிடுவான்.

“வர்றவன் போறவனெல்லாம் அவங்கிட்ட வந்து, ‘நான் ஆருன்னு சொல்லு பார்க்கலாம்’ங்கறான். இவன் என்ன பண்ணுவான்? ஆருன்னு தெரியும். தெரியாத மாதிரி நாலு பேரைச் சொல்லிட்டு அஞ்சாவதாச் சரியாச் சொல்லுவான். அப்பத்தான் வந்தவனுக்குச் சந்தோசம். கண்ணுதான் தெரியாது, காது நல்லாக் கேக்கும். ஆனா ஊரே அவங்கிட்டக் கத்தித்தான் பேசும். முக்காலியை ஓரமா நகர்த்தி வெச்சா புண்ணியம்னு நெனச்சுத் தினம் ஒரு பக்கம் நகர்த்தி வெக்கும். ஒரு நாள் கட்டில்ல உக்காந்தான். அடுத்தூட்டுக் கோழி அங்க முட்டை மேல உக்காந்திருக்குது. கோழி மேல இவன் உக்காந்துட்டான். கோழி கத்துது, இவனும் கத்தறான், அடுத்தூட்டுக்காரி ரெண்டு பேரையும் விட அதிகமாக் கத்தறா. ஆருக்கு என்ன ஆச்சுன்னு ஆருக்கும் தெரியலை...”

கோழி வந்ததும் கோயில் குலுங்கும். குழந்தைகள் கோழிக்காகவே காத்திருப்பார்கள். பிறகு ஆட்டுக்காரன் புனிதரிடம் அழுவான், கிழவிகளும் அழுவார்கள். “அவனுக்குக் கண் திறந்தது. ஆமென்” என்று சட்டென்று முடித்துவிடுவார். கண் திறந்த பிறகு என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை இருக்காது.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருட நவநாளில், சரியாகக் கோழி வரும் நேரத்தில் கரண்ட் போய்விட்டது. கோயில் முழுக்க இருட்டு. மைக்கும் நின்றுவிட்டது. உபதேசியார் மட்டும் நிற்கவில்லை. ஒரு எழுத்துக்கூடத் தடுமாறாமல் வாசித்துக்கொண்டே போனார்.

 ஒரே சமயத்தில் நாலைந்து பேர் இருமினார்கள். உபதேசியாரின் மனைவி லூர்து அத்தை பெண்கள் பக்கத்திலிருந்து, “ஏனுங்க, கரண்டு போயிருச்சுங்க! மெழுகுத்திரி கொண்டாரேன், இருங்க!” என்று கத்தினார். உடனே உபதேசியார் நிறுத்தி, “ஆமா ஆமா, ஒரு எழுத்துந் தெரியலை. வெளிச்சம் கொண்டா” என்றார்.

அத்தை மெழுகுவர்த்தியைப் புத்தகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். நான் முன்வரிசையில் இருந்தேன். சுடர் அவர் முகத்துக்கு நேரே இடமும் வலமும் ஆடியது. அவர் கண்கள் அதோடு ஆடவில்லை. இரண்டு கருமணியும் நடுவில் தேங்காய்ப் பத்தை போல வெள்ளையாக மின்னின. நன்றாகப் பழுத்துவிட்டது.

அன்று இரவு மருமகன் சாப்பாட்டைப் பாதியில் மூடிவிட்டு எழுந்தேன். சிஸ்டரிடம் சொன்னால் ஆபரேஷன். ஆனால் விஷயம் வெளியே வந்தால் வாசிப்பு போய்விடும். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் பெனடிக்ட் அதற்காகவே காத்திருப்பதாக ஊரில் பேச்சு. பெனடிக்டுக்குக் கணீரென்ற குரல், படித்தவர், மைக் அவர் பொறுப்பில்தான் இருக்கும். உபதேசியாரிடமிருந்து வாசிப்பை எடுத்துவிட்டால் அவரிடம் வேறொன்றும் இல்லை.

காலையில் குழாயடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். பீட்டர் என்ற ஒருவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு வந்தார்.

“மாப்பிள்ளை, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். உபதேசியாருக்குக் கண்ணு அவ்வளவாத் தெரியறதில்லைங்க. எனக்கு மட்டுந்தான் தெரியும். ஆருகிட்டயும் சொல்லிராதீங்க.”

சரி என்றேன். டீக்கடைக்குப் போகும் வழியில் கோயில் பெருக்கும் ரோசம்மா நிறுத்தினார். “அண்ணா, அந்தப் படியில ஒரு கல்லு கிடக்க விடமாட்டேனுங்க. ஏன்னு கேக்காதீங்க” என்று சொல்லிவிட்டு, நான் கேட்காமலேயே ஏன் என்று சொன்னார். டீக்கடைக்காரர், டம்ளரை எப்போதும் உபதேசியாரின் வலது கைக்குப் பக்கத்தில் வைப்பதாகவும், அதற்குக் காரணம் தனக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரியும் என்றும் சொன்னார். மத்தியானத்துக்குள் ஊரில் பாதிப் பேர் எனக்கு ரகசியம் சொல்லிவிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே ரகசியம். ஒவ்வொருவரும் தனக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தார்கள்.

கடைசியில் பெனடிக்டே வந்தார். வாசிப்பைப் பற்றித்தான் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

“மாப்பிள்ளை, ஆஸ்பத்திரியில சொல்லி ரகசியமா ஏதாச்சும் பண்ண முடியுங்களா?”

“என்னங்க ரைட்டர்?”

“உபதேசியார் விசயந்தான். நான் எதுக்கு மைக்கை விட்டு நகராம நிக்கறேன்னு நெனச்சீங்க? மனுசன் வேற பக்கம் திரும்பிப் படிக்க ஆரம்பிச்சுடறாரு. மைக்கைத் திருப்பித் திருப்பி எனக்குக் கையே போச்சு. வாசிப்புக்கு ஆசைப்படறேன்னு ஊர்ல வேற பேசறாங்க. எனக்கு அந்தக் கோழியெல்லாம் வராதுங்க.”

அடுத்த வாரம் சிஸ்டரைக் கூட்டிக்கொண்டு உபதேசியார் வீட்டுக்குப் போனேன். டீ வந்தது. எறும்பு இல்லை, போட்டது லூர்து அத்தை. சிஸ்டர் குடித்து முடித்து டம்ளரை வைத்துவிட்டு, எப்போதும் கேட்பதுபோல், “இது எத்தனை விரலுங்க?” என்றார்.

இதில் ஒரு தந்திரம் உண்டு. தெரியாதவர்கள் எல்லோரும் “ரெண்டு” என்பார்கள். அதனால் சிஸ்டர் விரலே காட்டாமல் கையை மூடி வைத்திருப்பார்.

உபதேசியார் அசரவில்லை. “உங்க விரலு எத்தனைன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா சிஸ்டர்? அதைக் கேக்கவா சேலத்துலிருந்து வந்தீங்க?”

“எண்ணிக்கை மறந்துபோச்சுங்க. சொல்லுங்க.”

“என் கண்ணு கழுகுக் கண்ணுங்க.”

லூர்து அத்தைக்குப் பொறுக்கவில்லை. “கழுகு நேத்து என் பாவாடையை எடுத்துத் தோள்ல போட்டுட்டுக் கடைக்குப் போச்சுங்க சிஸ்டர்” என்றார்.

அதோடு உபதேசியார் அடங்கிவிட்டார்.  பிறகு அத்தையை உள்ளே போகச் சொல்லிவிட்டு மெல்லச் சொன்னார்.

“ஆபரேசனுக்குப் பயமில்லைங்க சிஸ்டர். கண்ணு வந்துட்டா அந்தப் புத்தகத்தைப் படிக்கணும்.”

“படிங்க. அதுக்குத்தானே?”

“அதுல நான் சொல்றது இல்லைங்க.” குரல் இன்னும் இறங்கியது. “கண்ணு மங்க மங்க மனப்பாடத்துல சொன்னேன். நடுவுல மறந்துபோச்சு. மறந்த இடத்துல நிக்க முடியாதுங்களே, ஊரே உக்காந்திருக்குது. எனக்கு நடந்ததைப் போட்டு அடைச்சேன். வருசா வருசம் ஓட்டை பெருசாயிட்டே வந்துச்சு. புத்தகத்துல அந்த ஆட்டுக்காரனுக்கு நாலு வரிதான். கோழியே கிடையாது.”

“இல்லாட்டி என்னங்க? அதுக்குத்தானே ஜனங்க வர்றாங்க.”

“கண்ணு தெரியாதப்பச் சொன்னா மறதி. கண்ணு தெரிஞ்சுட்டு, புத்தகத்தையும் கையில வெச்சுட்டுச் சொன்னா பொய்யி. கோயில்ல நின்னு பொய் சொல்ல முடியுங்களா? நாலு வரிதான் படிக்கணும். நாலு வரி கேக்க எவன் வருவான்?”

 கண்ணுக்காகக் கதையை விடுவதா, கதைக்காகக் கண்ணை விடுவதா? ஆபரேஷன் வேண்டாம் என்று எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஊசிக்குப் பயம், செலவுக்குப் பயம், மருமகளுக்குப் பயம். இப்படி ஒரு காரணத்தை நான் கேட்டதில்லை.

சிஸ்டர் காலி டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

“அந்த ஆட்டுக்காரனுக்குக் கண்ணு தெரிஞ்சப்புறம் என்னங்க ஆச்சு?”

“எப்படிங்க?”

“எங்க டிரைவர் மாணிக்கம் சொன்னாரு. கண் திறந்தது, ஆமென்னு முடிச்சுடுவீங்களாமே. அப்புறம் என்ன பார்த்தான்? எங்க போனான்?”

 “அது... அதுக்கு மேல எனக்கு வரமாட்டேங்குதுங்க. என்னென்னமோ சொல்லிப் பார்த்தேன். ஒண்ணும் ஒட்டலை.”

“எப்படி வரும்? நீங்க பார்க்கலையே.” சிஸ்டர் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டார். “போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க. நானே வந்து கேக்கறேன்.”

உபதேசியார் மறுநாள் காலை வேன் வருவதற்கு முன்பே வேட்டி சட்டையோடு ரோட்டில் நின்றார்.

கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது எல்லோரும் வாந்தி எடுப்பது வழக்கம். சிஸ்டர் ஆரஞ்சு மிட்டாய் கொடுப்பார். உபதேசியார் வாந்தி எடுக்கவில்லை, எடுத்தவர்களுக்காக ஜெபமாலை சொன்னார். மருத்துவமனையில் முதலில் எந்தக் கண்ணோ அதற்கு மேல் நெற்றியில் ஒரு பிளாஸ்திரி ஒட்டுவார்கள், மாறிவிடக் கூடாதல்லவா? கண் பாப்பா விரிய சொட்டு மருந்து, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை. பிறகு ஓட்டை போட்ட பச்சைத் துணியால் முகத்தை மூடி, கண்ணை மட்டும் வெளியே விடுவார்கள். தலையை ஆட்டக்கூடாது, பேசக்கூடாது. உபதேசியாருக்கு இரண்டாவதுதான் கஷ்டம். துணிக்குள்ளிருந்து ஜெபம் வரத் தொடங்கியதும் டாக்டர், “மனசுக்குள்ளங்க பெரியவரே” என்றாராம். “மனசுக்குள்ள சொன்னா இத்தனை பேருக்குக் கேக்காதுங்களே” என்றாராம் இவர்.

மறுநாள் கட்டுப் பிரித்தபோது நானும் லூர்து அத்தையும் எதிரே நின்றோம். அவர் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி முதலில் என்னைப் பார்த்தார்.

“மாப்பிள்ளை, நீங்க எப்பங்க இவ்வளவு குண்டானீங்க?”

பிறகு அத்தையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“லூர்து, நீ எப்பக் கெழவியான?”

“நீங்க பார்க்காதப்ப” என்றார் அத்தை. சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து அடுத்த கண்ணும் முடிந்தது. தூரப் பார்வை நன்றாக இருந்தது. படிப்பதற்கு மட்டும் ஒரு கண்ணாடி கொடுத்தார்கள்.

அடுத்த வருட நவநாளுக்குள் நான் ஓய்வு பெற்றுவிட்டேன். எட்டாம் நாள் மாலை, சொன்னபடி சிஸ்டரும் வந்தார், பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். உபதேசியார் புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புத்தகத்தைத் திறந்தார். ஊர் தயாராக இருந்தது. குழந்தைகள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

“அக்காலத்தில் ஒரு மலையடிவாரத்திலே பார்வையிழந்த ஆடு மேய்ப்பன் ஒருவன் வசித்து வந்தான். அவன் புனிதரின் புகழைக் கேள்விப்பட்டு, அவரை நாடிச் சென்று, கண்ணீர்விட்டு மன்றாடினான். புனிதர் மனமிரங்கி அவன் கண்களைத் தொட்டார். அவனுக்குக் கண் திறந்தது. ஆமென்.”

யாரும் ஆமென் சொல்லவில்லை.  ஜனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உபதேசியார் தலையைக் குனிந்து நின்றார். முகத்தில் வேர்வை.

பின்னாலிருந்து ரோசம்மாவின் குரல்தான் முதலில் வந்தது. “ஏனுங் உபதேசியாரே, பாதியைக் காணோமுங்க?”

“கோழி எங்க போச்சு?” என்றது ஒரு குழந்தை.

“கண்ணு தெரியாதப்ப நல்லாப் படிச்சாருப்பா” என்று யாரோ முணுமுணுத்தார்கள். சொன்னவர் வாயை உடனே பக்கத்தில் இருந்தவர் பொத்தினார்.

உபதேசியார் நிமிர்ந்தார். சிஸ்டர் இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தார். புத்தகத்தை மூடி, அன்றைக்கு வந்திருந்த ஃபாதர் கையில் கொடுத்தார். கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“புத்தகத்துல இருக்கறது இவ்வளவுதானுங்க, முடிஞ்சுது. இனிமேச் சொல்றது நான் சொல்றது. தப்பிருந்தா என்னைச் சேரும், புனிதரைச் சேராது.” தொண்டையைச் செருமினார். “அந்த ஆட்டுக்காரன் ஒரு நாள் கட்டில்ல உக்காந்தான்...”

கோழி கத்தியது. கோயில் குலுங்கியது. முக்காலி வந்தது, ‘நான் ஆருன்னு சொல்லு’ வந்தது, எல்லாம் முன்னைவிட நன்றாக வந்தன. புனிதர் கண்ணைத் தொட்டார். வழக்கமாக முடியும் இடம். அவர் முடிக்கவில்லை.

“கண்ணு தெரிஞ்சுது. ஆட்டுக்காரன் எதைப் பார்த்தான்? வானத்தைப் பார்த்தான்னு நெனப்பீங்க. இல்லைங்க. நேரா ஊட்டுக்குப் போனான். ‘இங்க ஒரு கொமரி இருந்தாளே, எங்க?’ன்னு ஒரு கெழவிகிட்டக் கேட்டான்.”

ஊரே லூர்து அத்தையைத் திரும்பிப் பார்த்தது. அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பக்கத்தில் இருந்த சிஸ்டர் சத்தமாகச் சிரித்தார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

“அப்புறம் கோயிலுக்கு வந்தான். தனக்குக் கண்ணு தெரியாதுங்கறது ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாதுன்னு இத்தனை வருசமா நெனச்சுட்டு இருந்தான். வந்து பார்த்தா, படியில ஒரு கல்லு இல்லை. டீ டம்ளர் தானா கைக்கு வருது. மைக்கு தானாத் திரும்பி வாய்க்கிட்ட வருது. என்னடா இதுன்னு ஆட்டுக்காரன் தலையைத் தூக்கிப் பார்க்கறான். பார்த்தா, ஊரே வாயைப் பொத்திக்கிட்டு நிக்குது.”

சொல்லிவிட்டு அவர் எங்களைப் பார்த்தார்.

எனக்குப் பக்கத்தில் பெனடிக்ட் ஒரு கையால் மைக்கைப் பிடித்திருந்தார், மறு கை வாயில் இருந்தது. ரோசம்மா, பீட்டர், டீக்கடைக்காரர், ஃபாதர் எல்லோருக்கும் கை வாயில்தான். என் கையும் அங்கேதான் இருந்தது. கண்ணாடி இல்லாமலேயே அவருக்கு அவ்வளவு தூரமும் நன்றாகத் தெரிந்தது.

பாத்திமா கண்ணு, நாளைக்கு நவநாள் கொடியேற்றம். கிளியூருக்கு வா. போனைக் கொண்டுவர வேண்டாம். எங்காவது முதலில் டீ குடி.

2025 மே 11, ஞாயிற்றுக்கிழமை.